நீலப் பென்சிலில் போட்ட நம்பர்

ஒரு வாக்கியத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்க முடியும் என்று நம்பிய மனிதர் ஒருவர் ஆம்பூரில் இருந்தார். யாராவது அழகாக ஏதாவது சொல்லிவிட்டால் அவருடைய வலது கையின் அந்த இரண்டு விரல்களும் தாமாகவே ஒன்றையொன்று தடவ ஆரம்பிக்கும். கண் பாதி மூடும். பிறகு தீர்ப்பு வரும். “உவமை. ரெண்டாம் ரகம்.” சொன்னவன் டீக்கடைக்காரனாக இருந்தாலும் சரி, டேனரி முதலாளியாக இருந்தாலும் சரி, தீர்ப்பில் மாற்றம் இருக்காது.

விரல்கள் அப்படிப் பழகியதற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, பதமாகி, காய்ந்து வரும் தோல்களைத் தடவிப் பார்த்து ரகம் பிரிப்பார். வால் பக்கத்து ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுவார். தோல் பதனிடும் அந்த டேனரியில் அவருக்கு ‘செலக்‌ஷன் பாய்’ என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு சபை அவரைப் பார்த்துச் சிரிக்க ஒருமுறை நான் காரணமாக இருந்தேன். இன்னொரு முறை வேண்டாம்.

நான் அங்கே கடிதம் எழுதும் குமாஸ்தா. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் லுங்கி நெய்தார்கள். எனக்கு நூல் அறுந்துகொண்டே இருந்ததால் தமிழ் படிக்க அனுப்பினார்கள். வித்துவான் நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்றேன். தோற்றது நிஜம்தானா என்று சரிபார்க்க இரண்டாம் முறை எழுதினேன். நிஜம்தான். ஆனால் ஆம்பூருக்கு வந்து இறங்கிய அன்று என் கக்கத்தில் இரண்டு தடித்த இலக்கணப் புத்தகங்கள் இருந்தன. ஊர் புத்தகத்தைப் பார்த்தது. மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. நானும் வலியப்போய்ச் சொல்லவில்லை.

ஊரில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. மாதம் ஒரு கூட்டம், பள்ளிக்கூட மண்டபத்தில். பாய் தவறாமல் வருவார். செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே கேட்பார். உட்காரமாட்டார். ஒருமுறை உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுளித்து நகர்ந்துகொண்டாராம். தோல் வாசனை குளித்தாலும் போகாது. அதற்குப் பிறகு நிற்பது.

ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்.

“வாத்தியாரே, கூட்டத்துல எல்லாரும் கை தட்றாங்க. நானும் தட்றேன். எதுக்குத் தட்டுனேன்னு எனக்கே தெரியல. பேஜாரா இருக்கு. நல்லா இருக்குன்னு கைக்குத் தெரியுது, வாய்க்குப் பேரு தெரியல. அந்தப் பேருங்களச் சொல்லிக் குடு.”

அதுவரை என்னை யாரும் வாத்தியாரே என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் சீன பாஷைகூடச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

சாப்பாட்டு வேளையில் பாடம். ரகம் பிரிக்கும் கிடங்கில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. தோலின் குறை அந்த வெளிச்சத்தில்தான் ஒளியாமல் தெரியும். அதன் கீழே உட்கார்ந்து, காலையில் நான் அவசரமாகப் படித்துவிட்டு வந்ததை மத்தியானம் பிறவி ஞானம்போலச் சொல்வேன். அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு அணியின் பெயருக்கும் எதிரே, தோலுக்குப் போடுவதுபோல, நீலப் பென்சிலில் ஒரு நம்பர்.

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் சொல்ல நான் அரைமணி நேரம் தவித்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதாவது, தையல் வெளிய தெரிஞ்சா உவமை. உள்ள போய்ட்டா உருவகம். அவ்ளோதானே?”

அவ்வளவுதான். என் புத்தகத்தில் அது இரண்டு பக்கம்.

பெயர் தெரிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. மேனேஜர் ஒரு நாள் அவரிடம், “ஒன்ன மாதிரி நிதானமா வேல செய்ற ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லய்யா” என்றார். பாயின் விரல்கள் தேய்த்தன. “வஞ்சப்புகழ்ச்சி சார். ரொம்ப நல்லா வந்துருக்கு.” மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தாளு என்ன இன்னா சொல்லித் திட்னான்?” என்று கேட்டார். அது பாராட்டு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

வீட்டிலும் இதே கதை. அவர் மனைவி, “ஊட்டுல எனக்கு ஆயிரம் வேல கெடக்குது” என்றதற்கு, “உயர்வு நவிற்சி” என்றிருக்கிறார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னிக்கு சோறும் அதுதான்” என்றாளாம். மறுநாள் பட்டினி முகத்தோடு வந்து என்னிடம் சொன்னார்: “பேரு தெரிஞ்சா மட்டும் பத்தாது வாத்தியாரே. எங்க வெக்கணும்னு தெரியணும். தோலுக்கு நம்பர் போடலாம். உசிரோட நிக்கிற மாட்டுக்குப் போட்டா அது ஒதைக்கும்.”

அவருக்கு மிகவும் பிடித்தது தற்குறிப்பேற்றம். தானாக நடக்கிற ஒன்றுக்கு, இன்ன காரணத்தால்தான் நடந்தது என்று கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. உதாரணம் கேட்டார். புத்தகத்திலிருந்த செய்யுள் எனக்குப் பாதியில் மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஜன்னல் ஓரமாகப் போனார். பாலாறு வறண்டு கிடந்த கோடை. யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்: “நம்ம டேனரி நாத்தத்துக்குப் பயந்துகிட்டுதான் இந்த ஆறு மண்ணுக்கு அடியில போய்ப் படுத்துகிச்சு.”

பாய் எழுந்து நின்றுவிட்டார். “அதான். அதேதான். மொதல் ரகம்.” வாட்ச்மேனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தார். தான் என்ன செய்தோம் என்று தெரியாத வாட்ச்மேன் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் சேர்த்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர், மழை, காக்கை, கம்பெனிச் சங்கு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு பாய் முன்னால் வந்து நிற்பார். பாதி ரிஜெக்ட் ஆகும். சளைக்கமாட்டார்.

இயல்பு நவிற்சியைச் சொன்ன அன்று பாய் ஒத்துக்கொள்ளவில்லை. “உள்ளத உள்ளபடி சொல்றதுக்கு ஒரு அணியா? அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பேரு?”

“இருக்கறதுலயே சுலபம் பாய் அது” என்றேன்.

கொஞ்ச நேரம் விரல்களைத் தேய்த்தார். “இல்ல வாத்தியாரே. அதான் கஷ்டம். அதனாலதான் பேரு வெச்சுருக்கான்.”

அவர் வேலையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. போட்ட நம்பரை அழிக்கமாட்டார். ஒருமுறை அவர் ஒன்று போட்டு அனுப்பிய தோலில் ஓட்டை இருந்தது என்று மதராஸிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி, “அத அழிச்சு மூணு போட்டு வையி, தீந்துது” என்றார். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தப்பு என்னுது முதலாளி. என்ன எவ்ளோ வேணா பேசிக்கங்க. நம்பரு நிக்கட்டும். ஒரு தபா அழிச்சன்னா அப்புறம் என் கை எனக்கே பொய் சொல்லும்.”

மற்றொன்று, மடிப்பது. முதல் ரகத் தோலை விரித்தபடியே அடுக்குவார். சதை சீவுகிறவர் கத்தி தவறி வெட்டு விழுந்த தோல் வந்தால் யாரையும் கூப்பிட்டுக் காட்டமாட்டார், பேசமாட்டார். வெட்டு உள்ளே போகும்படி மடித்து, மூன்றாம் அடுக்கில் வைத்துவிடுவார். செய்தவனுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சபைக்குத் தெரியாது.

ஒரு நாள் பாடத்தின் நடுவில் அப்படி ஒரு தோலை மடித்துக்கொண்டே கேட்டார்: “வாத்தியாரே, ஒருத்தன் குத்தம் தெரிஞ்சும் சொல்லாம மடிச்சு வெக்கிறோமே, பேச்சுல அதுக்கு இன்னா பேரு?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாத்தியாரே என்று கூப்பிட்டிருந்தாரே. தேர்வு மண்டபத்தில் இரண்டு முறை வந்து போன அதே வேர்வை வந்தது. அங்கே காகிதத்தை வெறுமையாக விட்டுவிட்டு வெளியே ஓட முடிந்தது. இங்கே எனக்கும் கதவுக்கும் நடுவில் பாய் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த மடிப்பைப் பார்த்தேன்.

“மடிப்பணி” என்றேன்.

“மடிப்பணி” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். தேய்த்தார். நோட்டில் எழுதி, எதிரே ஒன்று போட்டார். உவமைக்குக்கூட அவர் இரண்டுதான் கொடுத்திருந்தார்.

அன்று மாலை இரண்டு புத்தகங்களையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். தவறிப்போயாவது அப்படி ஓர் அணி இருக்கக்கூடாதா என்று. முன்னோர்கள் எனக்கு உதவவில்லை.

அது நோட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மன்றத்து ஆண்டு விழாவில் ‘தொழிலாளர் பார்வையில் தமிழ்’ என்று ஐந்து நிமிடம் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. செயலாளர் என்னைக் கேட்டார். நான் என் மேதாவித்தனத்தில் பாயின் பெயரைச் சொல்லிவிட்டேன். “நல்லாப் பேசுனார்னா மெம்பராச் சேத்துக்கலாம்” என்றார் செயலாளர். மெம்பர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு.

சொன்னதும் பாய், “ஒக்காந்து கேக்கலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பேச்சை எழுதி முடித்துவிட்டு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். படித்தார். உவமையும் உருவகமும் தையல்கள், பாலாறும் வாட்ச்மேனும், எல்லாம் வந்தது. முடிவில் வந்தது மடிப்பணி. அணிகளிலேயே உயர்ந்தது அதுதான் என்று எழுதியிருந்தார். அவர் மனைவி சேமியாப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். பாயசம் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறியதும் குடித்தேன். குடித்ததும் வந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை சாமர்த்தியமாகப் போனேன். “பாய், அஞ்சு நிமிஷத்துக்கு இது ஜாஸ்தி. கடைசிய எடுத்துடலாம். மடிப்பணி வேணாம்.”

“அத எடுத்துட்டா இன்னா இருக்குது?” என்றார். “மத்ததெல்லாம் புஸ்தகத்துல இருக்கறது. எவன் வேணா படிப்பான். இது ஒண்ணுதான் நான் கேட்டு, எனக்காக நீ தேடிக் குடுத்தது.”

அதற்குப் பிறகு மனிதனால் வாயைத் திறக்க முடியுமா? முடியும். ஆண்மை உள்ளவனால் முடியும். நான் பாலாற்றில் வெள்ளம் வந்து விழா நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதுவோ எங்களுக்குப் பயந்து மண்ணுக்கு அடியில் படுத்திருந்தது.

விழா அன்று மண்டப வாசலில் மூன்றாம் தடவை. பாய் வெள்ளைச் சட்டை, கழுத்தில் அத்தர் வாசனை. நான் அவர் கையைப் பிடித்தேன்.

“பாய், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“பயப்படாமப் பேசுங்க.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னா வாத்தியாரே, பேசப்போறது நானு. பயம் ஒனக்கா?” என்றார்.

தலைமை தாங்க வேலூரிலிருந்து ஒரு புலவர் வந்திருந்தார். நான் இரண்டாம் வரிசையில், செயலாளருக்குப் பின்னால். பாய் பேசினார். தையல் உவமைக்குப் புலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலாற்று வாக்கியத்துக்கு மண்டபமே தட்டியது. பின்னால் நின்றிருந்த வாட்ச்மேன் சுற்றிலும் திரும்பிப் பார்த்து, தானும் தட்டினார். பெண்கள் பக்கத்தில் பாயின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மடிப்பணியைச் சொன்னார். வெட்டு உள்ளே போகும்படி மடிக்கிற கையைக் காற்றில் செய்து காட்டினார். மண்டபம் அமைதியாக இருந்தது. நல்ல அமைதி. அது பாதி நிமிஷம்தான் நீடித்தது.

புலவர் அன்பாகத்தான் கேட்டார். “மிக நன்றாகப் பேசினீர்கள். ஒரே ஓர் ஐயம். மடிப்பணி என்றீர்களே, நான் அறிந்த எந்த நூலிலும் அது இல்லை. உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

பாய் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் மேலே, தூணைப் பார்த்தார். அவருடைய விரல்கள் தேய்த்துக்கொண்டிருந்தன.

நான் சொல்ல வேண்டியது மூன்று சொற்கள். நான்தான் ஐயா சொன்னேன். இயல்பு நவிற்சி. இருப்பதிலேயே சுலபமானது. நான் குனிந்து வேட்டிக் கரையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று ஆராய்ந்தேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா.

“யாரும் சொல்லலீங்க ஐயா” என்றார் பாய். “அது நானா வெச்ச பேரு. என் நம்பரு.”

புலவர் புன்னகைத்தார். “அப்படியெல்லாம் நாமாக வைத்துக்கொள்ள முடியாதே.” செயலாளர் விடவில்லை. “ஆட்டுத் தோலு, மாட்டுத் தோலு பத்தலன்னு பாய் இப்ப தமிழயும் பதம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு” என்றார். மண்டபம் சிரித்தது. தையலுக்குத் தட்டிய அதே கைகள் தொடையில் அடித்துச் சிரித்தன. செயலாளர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

நானும் சிரித்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

பாய் நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி, செருப்பு விடும் இடத்துக்குப் போய், விழா முடியும் வரை நின்று கேட்டார். மெம்பர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு கிடங்குக்குப் போனேன். தோல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு லோடு ஜாஸ்தி வாத்தியாரே. பாடம் வேணாம்.”

அதற்கடுத்த நாளும் லோடு ஜாஸ்தி. பிறகு எல்லா நாளும் ஜாஸ்தி. கோபம் இல்லை. சலாம் வைப்பார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார், பண்டிகைக்குப் பிரியாணி அனுப்புவார். வாத்தியாரே என்று கூப்பிடுவதையும் விடவில்லை. விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் பெயர் வைப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த கோடையில் வாட்ச்மேன் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டு ஓடி வந்தார். “பாய், கேளுங்க. இந்த வெயிலு ஏன் இப்டி அடிக்குது தெரியுமா? நம்ம தோலு சீக்கிரம் காயட்டும்னு முதலாளி சூரியனுக்கு லஞ்சம் குடுத்துட்டாரு.” சொல்லிவிட்டு அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் கதவோரம் நின்று பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. “ஆமாம்பா, வெயிலு ஜாஸ்திதான்” என்றார் பாய். வாட்ச்மேன் வாசல் கேட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் வெயிலை வெயில் என்றே சொன்னார்.

பாய் அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷத்தில் எத்தனை சாப்பாட்டு வேளை என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொன்றிலும் எனக்கு ஏதோ ஓர் அவசரக் கடிதம் இருந்தது. இதற்கிடையில், இலக்கணம் தெரிந்தவன் என்று மன்றத்தில் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். இன்றைக்கும் நான்தான். தலைமுடி கொட்டிவிட்டது, பதவி கொட்டவில்லை. புதிதாக யாராவது மேடையேறித் தப்பும் தவறுமாகப் பேசினால் நான் மட்டும் சிரிப்பதில்லை. பெருந்தன்மை என்கிறார்கள்.

அவர் காலமாகி நாற்பதாம் நாள் கழிந்ததும் அவர் மனைவி சொல்லி அனுப்பினாள். போனேன். அந்த நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு” என்றாள். “அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, அவரு சொன்னது அவ்ளோ தப்பா?”

“தப்பே இல்லம்மா” என்றேன். அப்போதும் அதற்கு மேல் வரவில்லை.

அன்றைக்கே குடியாத்தம் வீட்டுக்குக் கிளம்பி, பள்ளிகொண்டா போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். உவமை, இரண்டு. உருவகம், ஒன்று. தற்குறிப்பேற்றம், ஒன்று, பக்கத்தில் வாட்ச்மேன் பெயர். உயர்வு நவிற்சி, மூன்று. பக்கத்தில், ‘வீட்டில் கூடாது’. இயல்பு நவிற்சிக்கு எதிரே மட்டும் நம்பர் இல்லை.

ஒரு பக்கம் உள்பக்கமாக மடிந்திருந்தது. நகத்தால் அழுத்தி மடித்த மடிப்பு. பிரித்தேன். மடிப்பணி. எதிரே அன்று போட்ட ஒன்று அப்படியே இருந்தது. அழிக்கவில்லை. போட்ட நம்பரை அழிக்கக் கூடாது என்ற வழக்கத்துக்காக விட்டுவைத்தாரா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. மடித்த தோலுக்கு அவர் ஒன்று போட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார் அது, தோல் கணக்கா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்தை அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.